புறவாசல் மணலும் ஒரு மாதுளையும்

போன வாரம் எங்கள் தெருமுனையில் வீடு கட்டுகிற ஒருவர் ஒரு லாரி மணல் இறக்கினார். எம்-சாண்ட் இல்லை, நிஜமான ஆற்று மணல். எங்கிருந்து பிடித்தாரோ, அதையெல்லாம் கேட்கக் கூடாது. காலையில் பால் வாங்கப் போனபோது ஒரு தூறல் விழுந்து, குவியலின் மேல்மணல் மட்டும் நனைந்திருந்தது. அந்த வாசனைதான் என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்தேன். காவலுக்கு இருந்தவர் ஓடி வந்து, "என்னம்மா, ஏதும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். எண்பதை நெருங்குகிற வயதில் மணல் திருடி என்று பெயரெடுக்க வேண்டாமே என்று கையைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனாலும் விரல் இடுக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்தது.

தென்காசியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுப் புறவாசல் முழுக்க இந்த மணல்தான். சிற்றாறு எந்தக் காலத்திலோ தடம் மாறிப் போனபோது விட்டுவிட்டுப் போனது என்பார்கள். வீட்டுக்காரர், "பொறவாசல் எம்புட்டு விரிவாக் கெடக்கு பாருங்க" என்று பெருமையாகச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாராம். விரிவாகத்தான் கிடந்தது. ஒரு கிணறு, ஒரு துவைகல், மூலையில் தானாக முளைத்த எருக்கஞ்செடி. மற்றதெல்லாம் வெள்ளை மணல். பங்குனி வெயிலில் கால் வைக்க முடியாது. ஆனி பிறந்தால் மலையிலிருந்து புறப்படுகிற காற்று, அப்போது மேல்பாதி இல்லாமல் மொட்டையாக நின்ற கோயில் கோபுரத்தின் வாசலில் ஆளைத் தள்ளிவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்கு வந்து மணலை அள்ளிச் சோற்றுப் பானைக்குள் போடும். அந்த வயதில் பல்லில் நறநறக்காத சோறு தின்ற ஞாபகமே எனக்கு இல்லை.

எனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா கொழும்புக்குப் போனார். ஒரு பலசரக்குக் கடையில் வேலை. எங்கள் பக்கத்தில் பலரும் அப்படிப் போனவர்கள்தான், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவும் எடுத்துக்கொள்ளாத மாதிரியே இருந்தாள். போய்ச் சேர்ந்ததும் அப்பா எழுதிய முதல் கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன. தான் சுகம். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக அனுப்பவும். புறவாசலைச் சும்மா போடாமல் ஏதாவது நட்டு, அதைப் பற்றி விவரமாக எழுதவும்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்பில் இருந்த நான்தான் வீட்டின் எழுத்தர்.

அம்மா நெல் வயலும் களிமண்ணுமான ஊரில் பிறந்தவள். விதையை விசிறினால் முளைக்கும் என்று நம்பி வளர்ந்தவள். அந்த ஆடியில் அவரை, வெண்டை, கத்தரி, பூசணி என்று கைக்குக் கிடைத்த விதையையெல்லாம் மணலில் ஊன்றினாள். சாரல் விழுந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் காலையில் விழுந்த தண்ணீர் மத்தியானம் எங்கே போனதென்று தெரியாது. முளைத்த இரண்டு இலையும் காற்று வாரியிறைத்த மணலில் புதைந்தன. புதையாததை வெயில் பார்த்துக்கொண்டது. ஆவணி முடியும்போது எருக்கு மட்டும் பூத்து நின்றது.

அப்போதுதான் அப்பாவின் அடுத்த கடிதம் வந்தது. தோட்டம் எப்படி என்று கேட்டிருந்தார்.

"எல்லாம் நல்லா இருக்குன்னு எழுது" என்றாள் அம்மா, அரிசி புடைத்துக்கொண்டே.

எழுதினேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. எழுதிவிட்டுப் பார்த்தால் தாளில் முக்கால்வாசி வெள்ளையாகக் கிடந்தது. அவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போகிற தாள். அப்பா விவரமாக எழுதச் சொல்லியிருக்கிறார். அவரைக் கொடி பந்தல் ஏறிவிட்டது என்று ஒரு வரி சேர்த்தேன். வரி நன்றாக இருந்தது. பூசணி படர்கிறது என்று இன்னொரு வரி.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இன்றைக்கும் எனக்கு நிறுத்தத் தெரியாது, பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அடுத்தடுத்த கடிதங்களில் பூசணி காய்த்தது, ஒன்பது காய். கிணற்றடியில் வாழை குலை தள்ளியது. பிச்சிக்கொடி கூரை மேல் ஏறியது. கடைசியாகத் துவைகல் பக்கத்தில் ஒரு மாதுளை மரம் வந்தது. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் மாதுளைப் படம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான் காரணம். வைத்த வேகத்தில் அது சிவப்பாகப் பூத்தும்விட்டது.

அப்பாவிடமிருந்து பதில் வந்தால் நான்தானே படித்துக் காட்ட வேண்டும். தோட்டம் பற்றி அவர் கேட்டிருந்ததையெல்லாம் தாண்டிப் படித்துவிடுவேன். கடிதங்கள் நீளமாகிக்கொண்டே போயின, நான் படித்துக் காட்டுவது மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. "இம்புட்டு எழுதிருக்காவ, நீ ரெண்டு வரி படிக்க?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். "அப்பா எழுத்து பெரிசும்மா" என்றேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. ஒரு கார்த்திகை மாதம், அடை மழை விட்டிருந்த மத்தியானம், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் தபால் வந்திருக்கிறது. அம்மா அவசரப்பட்டு, தபால்காரரையே படிக்கச் சொல்லிவிட்டாள். நல்ல மனிதர், ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, மாதுளை எத்தனை காய் காய்ச்சிருக்கு?"

புத்தகப் பை தோளிலிருந்து தானாக நழுவியது. ஓடலாமா என்று பார்த்தேன். ஓடி எங்கே போக?

"ஒங்கப்பா கேக்குதாவ. அணில் கடிக்காம பிஞ்சுக்குத் துணி கட்டணுமாம். சொல்லு, எத்தனை?"

"ஏழு" என்றேன்.

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. "வேற என்னென்ன எழுதுன? ஒண்ணு விடாம சொல்லு" என்றாள். சொன்னேன். அவரை, பூசணி, வாழை, பிச்சி, வெண்டை, சிறுகிழங்கு, கனகாம்பரம், இன்னும் என்னென்னவோ. ஒவ்வொன்றுக்கும் அம்மா ஒரு விரலை மடக்கினாள். இரண்டு கை விரலும் தீர்ந்ததும் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. அங்கே விசா புதுப்பிக்க மாட்டேன் என்கிறார்கள், ஆனி மாதம் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார் அப்பா. அதற்குக் கீழே, 'இங்கே நாங்கள் இருக்கிற அறையில் ஒரு பச்சை இலை பார்க்கக் கிடையாது. நம் புறவாசலை நினைத்துக்கொண்டுதான் நாள் போகிறது' என்று இருந்தது. அந்த வரியை அம்மா என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

பிறகு எழுந்து புறவாசலுக்குப் போனாள். மழையில் நனைந்த மணலும் எருக்கும்தான் இருந்தன. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதையா ஒங்கப்பா நெனைச்சிக்கிட்டு இருக்காவ?" என்றாள். "ஆனிக்கு ஏழு மாசம் இருக்கு. மண்வெட்டிய எடு."

பக்கத்து வீட்டில் பாத்துமுத்தக்கா இருந்தாள். வீட்டோடு தறி, நாள் முழுக்க அந்தச் சத்தம் எங்கள் சுவரில் வந்து இடிக்கும். மூன்று ஆடுகளும் வைத்திருந்தாள். அம்மா மணலைக் கொத்துவதைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏளா, மணலுக்குத் தண்ணிய ஊத்தி என்ன செய்ய? மொதல்ல அதுக்குத் திங்கக் குடு." ஆட்டுப் புழுக்கையைக் கூடை கூடையாகச் சுவர் மேல் வைத்தாள். தறியின் பாவு நூல் விறைப்பதற்குப் போட்டு மிஞ்சிய கஞ்சித் தண்ணீரைக் குடத்தில் தந்தாள். புளித்த கஞ்சி வாசனையோடு நான் பள்ளிக்கூடம் போய்வந்த மாதங்கள் அவை. பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஆசிரியையிடம் சொல்லி இடம் மாற்றிக்கொண்டாள்.

முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினோம். மணலில் குழி வெட்டுவது எவ்வளவு கோபம் வருகிற வேலை என்று வெட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அள்ள அள்ளச் சரியும். குழிக்குள் தேங்காய் மட்டையை மல்லாக்கப் போட்டு அடுக்கி, அதன்மேல் வேப்பந்தழை, சாம்பல், புழுக்கை, கடைசியில் கொஞ்சம் மணல். மட்டை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மார்கழி விடியலில் ஊர் கோலம் போட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் உள்ளங்கையெல்லாம் கொப்புளத்தோடு மட்டை அடுக்கினோம். தையில் அவரை முளைத்தது. இந்தத் தடவை இலை வாடவில்லை. அம்மா தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கை வைக்காமல் பார்ப்பாள்.

மாசியில் செங்கோட்டையில் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து அம்மா ஒரு மாதுளைக் கன்று வாங்கி வந்தாள். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம். துவைகல் பக்கத்தில், நான் கடிதத்தில் வைத்த அதே இடத்தில் வைத்தாள்.

"நாலு மாசத்துல காய்க்குமாம்மா?"

"காய்க்காது. மரமாவது நிக்கட்டும்."

சித்திரையில் குளம் வற்றியது. வெடித்துக் கிடந்த கரம்பை மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்தோம். அம்மா பத்து நடை நடந்தால் நான் ஆறு நடை. அந்தக் கறுப்பு மண்ணை மணலோடு கலந்தபோதுதான் எங்கள் புறவாசலுக்கு முதன்முதலாக ஒரு நிறம் வந்தது. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. பானையின் அடியில் ஓட்டை போட்டு, துணித் திரி செருகி, செடிக்கு ஒன்றாகப் புதைத்தோம். எல்லாவற்றையும் காப்பாற்றினோம், மாதுளை தவிர. அக்கினி நட்சத்திரத்தில் ஒருநாள் காலையில் அதன் இலையெல்லாம் சுருண்டிருந்தது. அம்மா அதன் தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை. அவள் உட்கார்ந்து அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். அப்பா கொழும்புக்குப் புறப்பட்ட அன்றைக்குக்கூட அவள் அழவில்லை.

ஆனியில் அப்பா வந்தார். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் ரயிலாக மாறித் தென்காசியில் வந்து இறங்கியபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. பாதி ஆளாகியிருந்தார். தலை நரைத்திருந்தது. வீட்டுக்குள் வந்தவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை, கையோடு பிடித்தபடி நேரே புறவாசலுக்குப் போனார்.

பந்தலில் அவரை தொங்கியது. பூசணி கிடந்தது, ஒன்பது இல்லை, நான்கு. வெண்டை முழங்கை உயரம். சிறுகிழங்குக் கொடி அப்போதுதான் நட்டு வேர் பிடித்திருந்தது. வாழை இன்னும் குலை தள்ளவில்லை, ஆனால் இலையில் சாரல் விழும் சத்தம் கேட்டது. அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். துவைகல் பக்கம் வந்ததும் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"மாதுளை எங்க?"

"அது பட்டுப் போச்சு" என்றாள் அம்மா சட்டென்று. என்னைப் பார்க்கவில்லை.

நான் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அம்மா எனக்காக அரைப்பொய் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. "மாதுளையே கெடையாதுப்பா. அவரையும் கெடையாது, ஒண்ணுமே கெடையாது. நான்தான் சும்மா சும்மா எழுதுனேன். இதெல்லாம் அம்மா பொறவு வச்சது" என்று கத்திவிட்டேன்.

அப்பா துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். பெட்டி மடியில் இருந்தது. அம்மா தன் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காய்த்துப்போன கை. வெகுநேரம் அதை விடவில்லை.

பிறகுதான் சொன்னார். கடைக்கு மேலே ஓர் அறை, அதில் ஐந்து பேர். ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் எதிர்க்கட்டிடத்துச் சுவர். எங்கள் கடிதம் வருகிற அன்று வேலை முடிந்து ஐந்து பேரும் உட்கார்ந்துகொள்வார்களாம். அப்பா சத்தமாகப் படிக்க வேண்டும். அதில் ராயகிரிக்காரர் ஒருவர். அப்பா அவரை அப்படித்தான் சொல்வார். வானம் பார்த்த பூமியில் பிறந்தவர், ஊரில் யாரும் இல்லாதவர், அவருக்குக் கடிதமே வராது. அவருக்கு நம் வீட்டு மாதுளையைத்தான் பிடிக்கும்.

"கடுதாசிய பிரிக்கும்போதே, 'மாதுளை என்னாச்சு அண்ணாச்சி'ன்னு கேப்பாரு. பூத்துருக்குன்னு படிச்ச அன்னைக்கு எங்க எல்லாத்துக்கும் அவர்தான் காப்பி வாங்கிக் குடுத்தாரு" என்ற அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கப்பலுக்கு வரும்போதுகூட, பழம் பழுத்தா எழுதணும்னு சொல்லித்தான் விட்டாரு. இப்ப அவருக்கு என்னட்டி எழுத?"

சாரல் கொஞ்சம் வலுத்தது.

"நீயே எழுது" என்றார் அப்பா. "ஒனக்குத்தான் அந்த மரம் நல்லாத் தெரியும்."

இப்படித்தான் நான் மறுபடியும் எழுத ஆரம்பித்தேன், இந்தத் தடவை வீட்டாரின் சம்மதத்தோடு. அப்பாவுக்குக் குற்றாலத்தில் ஒரு பழக்கடையில் வேலை கிடைத்தது. கடையில் பார்த்த மாதுளையின் நிறத்தை, முத்தின் அளவை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்வார், நான் அதை எங்கள் மரத்துக்குக் கொடுப்பேன். நிஜமான தோட்டத்தைப் பற்றியும் எழுதினோம். புடலங்காய்க்குக் கல் கட்டியது, தையில் சிறுகிழங்கு தோண்டியது, ஐப்பசி மழையில் பந்தல் சாய்ந்து பாத்துமுத்தக்கா வீட்டு ஆடுகள் விருந்து சாப்பிட்டது. எல்லாவற்றுக்கும் பதில் வரும். கடைசி வரி மட்டும் எப்போதும் மாதுளை பற்றியதாக இருக்கும். புறவாசலில் எத்தனையோ வைத்தோம். மாதுளைக் கன்று மட்டும் அப்பா மறுபடி வைக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

பின்னால் நான் அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகி, முப்பது வருஷம் பிறர் எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்து மாற்றாமல் அடித்தேன். செய்த பாவத்துக்குத் தண்டனை என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வதுண்டு.

அப்பா ஊர் திரும்பிய பிறகு ஆறு வருஷம் இருந்தார். அந்த இருமல் நிற்கவே இல்லை. ஒரு புரட்டாசியில் போய்விட்டார். நாங்கள் யாருக்கும் எழுதவில்லை. அம்மா தோட்டத்துப் பக்கமே போகாமல் இருந்தாள், கொடியெல்லாம் முற்றிக் காய்ந்து தொங்கியது. மூன்று மாதம் கழித்து ராயகிரிக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணாச்சி ஏன் எழுதவில்லை, உடம்புக்கு என்ன, மாதுளை இந்த வருஷம் எப்படி என்று கேட்டிருந்தார்.

நான் தாளை வைத்துக்கொண்டு அம்மா முகத்தைப் பார்த்தேன். "அப்பா போயிட்டாவன்னு எழுதட்டுமா?"

"எழுது."

எழுதினேன். இரண்டு வரிதான் வந்தது. தாள் வெள்ளையாகக் கிடந்தது. அம்மா புறவாசல் கதவில் சாய்ந்துகொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள்.

"மாதுளை நல்லா காய்ச்சிருக்குன்னு எழுது" என்றாள். "இந்த வருசம் கொப்பெல்லாம் வளைஞ்சி கெடக்குன்னு எழுது. ஒங்களத்தான் நெனைச்சிக்கிட்டோம்னு எழுது."

எழுதி முடித்தேன். மறுநாள் காலையில் அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனாள்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவர் கொழும்பை விட்டுக் கிளம்பியிருக்கலாம், அல்லது வேறென்னவும் ஆகியிருக்கலாம். இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்காரர் வீட்டை விற்றார். வாங்கியவர் அஸ்திவாரம் தோண்டியபோது, கறுத்துப் பொலபொலவென்று இருந்த எங்கள் மண்ணைப் பார்த்துவிட்டு அதை வண்டி வண்டியாக யாருக்கோ கொடுத்துவிட்டாராம். பாத்துமுத்தக்காதான் சொல்லியனுப்பினாள். இன்று அந்த இடத்தில் குற்றால சீசனுக்கு வருகிறவர்கள் தங்குகிற விடுதி. கிணறு மூடப்பட்டு, அதன்மேல் கார் நிற்கிறது. பாத்துமுத்தக்கா வீட்டில் தறிச் சத்தம் எப்போதோ நின்று, பேரன்கள் எல்லாரும் துபாயில். அம்மாவும் போய் இருபது வருஷமாகிறது.

தோட்டம் போனதைக்கூட ஒருவாறு ஏற்றுக்கொண்டுவிட்டேன். எதுதான் போகவில்லை? ஆறவே ஆறாதது ஒன்று இருக்கிறது. அத்தனை வருஷம் ராயகிரிக்காரருக்குக் கடிதம் எழுதி, ஒவ்வொரு தடவையும் பெயரும் கடைத்தெருவும் ஊருமாக விலாசத்தை என் கையால்தான் எழுதினேன். இப்போது எவ்வளவு யோசித்தாலும் அந்தத் தெரு நினைவுக்கு வரவில்லை. அந்த மனிதரின் பெயரும் வரவில்லை. இல்லாத மரத்தில் ஏழு காய் காய்க்க வைத்தவள், ஒரு பெயரை இட்டுக்கட்டி இங்கே எழுதிவிடலாம்தான். மனசு வரவில்லை.